பிஸ்கட் டப்பாவில் இருந்த ரசீதுகள்

நேற்று டோக்கியோ ஷினகவா குடிவரவு அலுவலகத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஜப்பானுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பொது விதிப்படி தொடர்ந்து 10 வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும். புள்ளிக் கணக்கில் 80 எடுக்கும் உயர்திறன் நிபுணர்கள் ஒரே வருஷத்தில் கேட்கலாம். எனக்கு அந்த வழி இல்லை.

வரி, ஓய்வூதியச் சந்தா, மருத்துவக் காப்பீடு மூன்றையும் கட்டினால் மட்டும் போதாது, கெடு தவறாமல் கட்டியிருக்க வேண்டும். போன வருஷம் வேலை மாறிய இடைவெளியில் தெருமுனைக் கடையில் நானே கட்டிய சந்தா ரசீதுகள், கடை முத்திரையோடு, பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தபோது கை நடுங்கியது. ஒன்றுகூடத் தவறவில்லை.

விண்ணப்பத்துக்கு வேண்டிய உத்தரவாதக் கையெழுத்துக்காகப் பழைய வீட்டுக்காரர் முன்னால் தயங்கி நின்றேன். “இதைக் கேட்கவா இவ்வளவு யோசித்தாய்?” என்றார் பெரியவர். கண் கலங்கிவிட்டது.

டோக்கியோவின் நிஷிகசாய்ப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தாலும், கையிலுள்ள விசா முடியும் முன்னே அதைப் புதுப்பித்துவிடுங்கள்.