செம்பருத்தி மணப்பாகு

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கொல்லைச் செம்பருத்திக்குத் தலைகால் புரியாது. பூஜைக்குப் பறித்தது போக மீதிப் பூக்களை என் தாயார் மணப்பாகாகக் காய்ச்சிச் சீசாவில் அடைத்து வைப்பாள்.

நானோ ரசாயனத்தில் பட்டம் பெற்றவன். அதையே பையன்களுக்குப் போதிக்கிறவன். வேலைக்குச் சேர்ந்த வருஷம் சக உபாத்தியாயர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா மணப்பாகை ஜலத்தில் கலந்து இரண்டு டம்ளர்களில் கொண்டு வந்தாள். "இதெல்லாம் எதற்கம்மா? கடையிலிருந்து ஏதாவது வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேசாமல் உள்ளே எடுத்துப் போனாள். அதன் பிறகும் வருஷந்தோறும் காய்ச்சினாள். ஆனால் விருந்தினர் முன் அதை வைத்ததே இல்லை.

நிற்க. அவள் காலமான பின் வந்த சித்திரையில், பூக்கள் வீணே உதிர்வதைக் கண்ட என் மகள், "பாட்டி மாதிரி செய்யலாம், அப்பா" என்றாள். காய்ச்சினோம். பத்தாம் நாள் சீசாவின் கழுத்தில் பூஞ்சை பூத்தது. அம்மாவின் அளவு யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கண்தான் தராசு.

பிறகுதான் படித்த படிப்பை நினைத்துப் பார்த்தேன். பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருந்தால், பூஞ்சை பிழைக்கத் தேவையான ஜலத்தைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்ளும். நான் போட்டது பாதிதான்.

இப்போது செய்யும் முறை இது: மருந்து தெளிக்காத ஐந்திதழ்ச் செம்பருத்தி 20. காம்பையும் பச்சைப் புல்லியையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களை அலசி, கொதித்து இறக்கிய 200 மில்லிலிட்டர் ஜலத்தில் போட்டு மூடவேண்டும். கால் மணியில் இதழ் வெளுத்து ஜலம் ஊதாவாகும். வடிகட்டி, அதன் எடையைப்போல் இரு மடங்கு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, விரலில் பிசுபிசுத்ததும் இறக்கவேண்டும். ஆறிய பின் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் ஊதா நிறம் நொடியில் மாணிக்கச் சிவப்பாக மாறும்.

மகள் கை கொட்டினாள். நான் தலை குனிந்தேன். சில நிறமிகள் புளிப்பில் சிவக்கும் என்பதை லிட்மஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் விளக்கியிருக்கிறேன்! அதே பாடத்தை அம்மா சித்திரைதோறும் எங்கள் அடுப்பில் நடத்தியிருக்கிறாள். மாணாக்கன்தான் வகுப்புக்கு வரவில்லை.

அளவுகளை மகள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நேயர்களே, உங்கள் வீட்டிலும் எழுதாத அளவுகள் பல இருக்கும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.