ஆவணிக் கடலும் கட்டுச்சோறும்

மட்டக்களப்பில் கோடை சித்திரையோடு முடிந்து போவதில்லை. மழை என்று சொல்லத்தக்க மழையை நாம் காண்பது ஐப்பசிக்குப் பிறகுதான். அதுவரை வெயில். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வேறு சேர்ந்துகொள்ளும். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் இழந்து, சூடேறி எங்கள் பக்கம் இறங்கிவரும் காற்று அது. கிணறு வற்றும், முற்றத்துப் புழுதி சோற்றுப் பானைக்குள் விழும், பிள்ளைகளுக்குக் கண்நோய் வரும். ஆவணி பிறந்து சில நாட்களில் அந்தக் காற்று தளரத் தொடங்குகிறது. சிறுபோக வெள்ளாண்மை வெட்டு முடிந்து வீட்டுக்குப் புது அரிசி வரும். கடல் வாவியைப் போல அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்து கடல் குமுறத் தொடங்குமுன் நமக்குக் கிடைக்கிற ஆறு, ஏழு வாரங்கள் இவை. இந்த வாரங்களை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நான் வேலை செய்வது படுவான்கரையில். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை என்பதால் அந்தப் பெயர். கடல் இருக்கும் கிழக்குக் கரை எழுவான்கரை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். யுத்த காலத்தில் அந்தப் பயணம் எப்படியிருந்தது என்பதை உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். கடல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தும் அதைப் பார்க்காமலே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்ட பெண்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

தை மாதத்துக் கூட்டமொன்றில் ஓர் அக்கா சொன்னார்: “மிஸ், கோழி வளர்ப்பு, தையல், உளவளத்துணை எல்லாம் தந்திட்டீங்க. ஒருக்கா எங்களக் கடலுக்குக் கூட்டிப் போங்களன்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். திட்ட நிதியில் சுற்றுலாவுக்கு இடமில்லை. ஆகவே வாரம் 50 ரூபா என்று தனிப் புத்தகம் ஒன்று போட்டார்கள். 32 வாரங்களில் ஆளுக்கு 1,600 ரூபா சேர்ந்தது. இருபத்து மூன்று பேர். பஸ் வாடகை, மீன், தயிர் எல்லாவற்றுக்கும் அது போதுமாயிருந்தது.

நாள் குறிப்பது காசு சேர்ப்பதைவிடக் கடினமாகிவிட்டது. கிழமை நாட்களில் நுண்கடன்காரர் வருவார். வீட்டில் ஆள் இல்லையென்றால் குழுவிலுள்ள மற்றவர்கள் அந்தத் தவணையைக் கட்டவேண்டும். ஆவணிப் பூரணை மண்டூர்க் கந்தசுவாமி கோயில் தீர்த்தம், அன்றைக்கு எவரும் வரமாட்டார்கள். கடைசியில் பூரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அதன் பிறகு ஊர் வாய் திறந்தது. இருபத்து மூவரில் பதினொரு பேர் கணவனை இழந்தவர்கள், நான்கு பேரின் கணவன்மார் காணாமலாக்கப்பட்டவர்கள். “தாலியறுத்ததுகளுக்குக் கடல்ல என்ன குளிப்பு?” என்று கடையடியில் ஒருவர் கேட்டாராம். எங்கள் சங்கத்தின் மூத்த பெத்தா அதற்கு நல்ல பதில் வைத்திருந்தார். “வைகாசியில கண்ணகி அம்மனுக்குக் குளுத்தி செய்யக்குள்ள முன்னுக்கு நிக்கிறவர்தானே அவர்? அம்மன் மட்டும் புருசனோடயா இரிக்கா?”

பயணத்துக்கு முதல்நாள் இரவு முழுதும் சமையல். எங்கள் பகுதியில் வீடு பெண்ணின் பேருக்கு எழுதப்படுவது வழக்கம், ஆகவே ஒரே வளவில் அக்காவும் தங்கையும் தாயும் சின்னம்மாவும் அடுத்தடுத்து இருப்பார்கள். சமூகவியல் வகுப்பில் இதைத் தாய்வழிக் குடி முறை என்று படித்தேன். ஐந்து அடுப்பு ஒரே வளவில் எரிவதைக் கண்டபோதுதான் அதன் பயன் விளங்கியது. புது அரிசிச் சோறு ஒரு வீட்டில், இறால் பிரட்டல் அடுத்த வீட்டில். இறால் வாவியில் பிடித்தது, கடைசித் தங்கையின் மகன் அதிகாலை வலையில் கொண்டுவந்தான். கடல் அடங்கிக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் கரைவலை நன்றாகப் படும், ஆகவே கீரி மீன் மலிவு. அதை மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டி மொறுமொறுப்பாகப் பொரித்தார்கள். முருங்கைக்காய் வெள்ளைக்கறி, மாங்காய்ச் சம்பல், நேற்றைய தேங்காய்ப்பூ வீணாகாமல் ஒரு கீரைச் சுண்டல். நண்டு வேண்டுமென்று இளையவர்கள் கேட்டார்கள். நிலவு வளருகிற நாளில் நண்டுக்குள் சதை இராது என்று பெத்தா மறுத்துவிட்டார்.

பனங்காய்ப் பணியாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அது ஆவணிக்கே உரியது. பனம்பழம் விடியற்காலையில் விழும். முந்திக்கொண்டவருக்குத்தான் பழம். தோலை உரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து களியெடுத்து, துணியில் வடித்து, முதலில் அடுப்பில் வைத்துச் சீனியோடு காய்ச்சவேண்டும். காய்ச்சாமல் மாவைக் குழைத்தால் கைப்பு நிற்கும். ஆறிய பிறகு வறுத்த அரிசிமாவோ கோதுமைமாவோ சேர்த்து, விரலால் கிள்ளி எண்ணெயில் விடவேண்டும். சுட்ட அன்றைவிட மறுநாள்தான் ருசி. பயணத்துக்கு இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியாது. கடைகளில் விற்கும் பிஸ்கற் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.

சோற்றைத் தாமரை இலையில் கட்டினோம். குளத்தில் இறங்கிப் பறித்த இலை, செலவில்லை. சூடான சோறு பட்டதும் இலை வாடி ஒரு மணம் வரும். பொலித்தீன் பைக்குள் அது கிடைக்காது.

விடிய ஐந்தரைக்குப் பஸ் புறப்பட்டது. மண்முனைப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்திருந்தது. காத்தான்குடி வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நின்றன. அதுவரை பாட்டும் கைதட்டலுமாக இருந்த பஸ் அங்கே சற்று அடங்கியது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது. நகரத்தைத் தாண்டி வடக்கே போனால் சத்துருக்கொண்டான். 1990 செப்டெம்பர் 9 அன்று அங்கே 180க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஏறாவூர், செங்கலடி கடந்தால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம். அதே செப்டெம்பரின் 5ஆம் திகதி அங்கு தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பஸ்களில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. கடலுக்குப் போகும் வழி நெடுக இப்படித்தான். நமது மாவட்டத்தில் ஆவணியும் புரட்டாசியும் பனங்காய் மாதங்கள் என்பதைப் போலவே நினைவுநாள் மாதங்களும்.

வந்தாறுமூலையில் ஓர் அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அவருடைய அண்ணன் அந்த 158 பேரில் ஒருவர். இறங்கி, வீதியோரத்தில் ஒரு கர்ப்பூரம் கொளுத்தினார். நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம். சாரதித் தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஐந்து நிமிடம் இருக்கும். மீண்டும் ஏறி உட்கார்ந்ததும் அந்த அக்காவே, “என்னகா எல்லாரும் ஊமையாகிட்டீங்க? மறுகா பாட்டப் போடுங்க” என்றார். துக்கம் இருக்கிறவர்கள் மகிழக்கூடாது என்றும், மகிழ வந்தவர்கள் துக்கத்தைப் பேசக்கூடாது என்றும் யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. பயிற்சிப் பட்டறைகளில் இதைப் பற்றி எத்தனையோ மணிநேரம் பேசியிருக்கிறோம்.

சித்தாண்டிப் பக்கம் எருமைத் தயிர் வாங்கினோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். விற்ற அம்மாவிடம் விலையைக் குறைக்கக் கேட்க மனம் வரவில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிக் குடியேறுவதை எதிர்த்துப் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டம் தொடங்கியது இதே சித்தாண்டியில்தான். காலபோகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளை அங்கேதான் சாய்த்துப் போவார்கள். மேய இடமில்லாத மாட்டிடம் பால் எங்கிருந்து வரும்?

வாழைச்சேனையில் திரும்பி, எட்டு மணியளவில் பாசிக்குடா சேர்ந்தோம். கல்லடிக் கடல் எங்களுக்குப் பக்கம், ஆனால் அது கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும், இழுவையும் உண்டு. நீந்தத் தெரியாத இருபது பேரை அங்கே இறக்க முடியாது. பாசிக்குடா வளைகுடாவில் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. யுத்தம் முடிந்தபின் கரையோரம் பெரிய விடுதிகள் எழும்பி, முன்னர் தோணி கட்டிய இடமெல்லாம் இப்போது சாய்வு நாற்காலிகள். பொதுமக்களுக்கான கடற்கரைப் பகுதி இருக்கிறது, அங்கே போகலாம். எங்களைக் கண்ட விடுதிக் காவலாளி ஒருவர், இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கையால் காட்டினார். மண்ணில் எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை.

முதலில் எவரும் இறங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் நின்றார்கள். பிறகு பெத்தா ஒருவரின் கையையும் பிடிக்காமல் நடந்து போய் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். 1978 சூறாவளியில் கூரை பறந்து, வாவி வீட்டுக்குள் வந்ததைக் கண்டவர் அவர். “இது என்ன, பிள்ளையக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி இரிக்கி” என்றார். அதன்பின் கரையில் நின்றவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள். சட்டை, பாவாடையோடுதான். ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரடித்தார்கள், கூவினார்கள். நாற்பது வயதுப் பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலச் சங்கு பொறுக்கினார்கள். கணவன் காணாமலாக்கப்பட்ட ஒரு தங்கச்சி, தண்ணீரில் அழிந்த பொட்டை உடனே கரைக்கு வந்து கண்ணாடி பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டு, பிறகு மறுபடியும் இறங்கினார். பத்தொன்பது வருடமாக அந்தப் பொட்டை அவர் விடவில்லை.

ஒருவர் மட்டும் இறங்கவில்லை. சுனாமியில் நாவலடியில் மகளைப் பறிகொடுத்து, பிறகு படுவான்கரைக்கு வந்து குடியிருப்பவர். மரநிழலில் சட்டிகளுக்குக் காவலாகக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். இளையவர் ஒருவர் அவரை இழுத்துவரப் போனபோது நான் தடுத்தேன். கடலோடு ஒருவர் எப்போது பேசுவது என்பதை அவரேதான் முடிவு செய்யவேண்டும். அவர் வந்ததே பெரிய காரியம். மதியம் நாங்கள் சாப்பிடும்போது கவனித்தேன், கடல் பக்கம் திரும்பியிருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல. உப்புத் தண்ணீரில் மூன்று மணிநேரம் ஊறிய வயிற்றுக்குப் புது அரிசிச் சோறும் இறாலும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு விடயத்தை மட்டும் குறித்து வைத்தேன். எங்கள் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறவர்கள். மீனின் நடுத்துண்டு பிள்ளைக்கு, தலை தமக்கு. அன்று இலையை விரித்தபோது, பரிமாறுவதற்கு யாருமில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். நடுத்துண்டுகள் அவர்களுக்கே வந்தன. தயிரில் சீனி போட்டுக் குழைத்து, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பாதிப் பேர் மண்ணிலேயே படுத்து உறங்கினார்கள். பகலில், திறந்த வெளியில், பயமில்லாமல் உறங்கினார்கள்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திக் கச்சான் வாங்கினோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் அருகருகே நிற்கின்றன. வாவி தெளிந்திருக்கும் இந்த மாதங்களில், நிலவு இரவுகளில்தான் மீன் பாடும் என்பார்கள். 1950களில் லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்குமாம். எங்களிடம் துடுப்பு இல்லை, பாலத்தில் வாகனச் சத்தம் வேறு. ஆனாலும் பழைய பாலத்தின் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் நின்றார்கள். “கேக்குதா?” “கேக்குது கேக்குது.” “பொய்.” “உனக்குக் காது சரியில்ல புள்ள.”

மறுநாள் திங்கட்கிழமை கடன் தவணை. அதைக் கட்டிய கையோடு அடுத்த கூட்டத்தில் புதுப் புத்தகம் தொடங்கிவிட்டார்கள். வாரம் 50 ரூபா 60 ஆகியிருக்கிறது. வரும் ஆவணிக்கு முகத்துவாரம் போய் வெளிச்சவீட்டையும், வாவி கடலோடு சேருகிற இடத்தையும் பார்க்கவேண்டும் என்று முதலில் பேர் கொடுத்தவர், மரநிழலில் சட்டிகளுக்குக் காவல் இருந்த அக்கா. நாவலடி அங்கிருந்து அதிக தூரமில்லை.