கோயில் வீடியோ பெட்டி திரும்பத் திறந்தது: என்ன நடந்தது?

 

கடந்த ரெண்டு வாரமா புலனத்துல பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கோயில் பழைய வீடியோ எல்லாம் போயிடுச்சாமே, உண்மையா?" போகலைங்க. ஒரு கோப்பும் போகல. நேத்து ராத்திரியிலிருந்து எல்லாம் பழையபடி திறக்குது. நடந்ததை ஒழுங்கா எழுதிடறேன். வீட்டுல இந்த மாதிரி பெட்டி வச்சிருக்கிறவங்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்க கூரை மேல ஏறி உதவிக்குக் காத்திருந்தாங்க. கிள்ளான்ல நம்ம கோயில் ஆபீஸுக்குள்ளயும் தண்ணி வந்து, கீழ்த்தட்டுல இருந்த வீடியோ டேப்பெல்லாம் ஊறிப்போச்சு. அதுக்கு முன்னமே கணினியில ஏத்தி வச்சிருந்தது மட்டும்தான் மிச்சம்.

அதுக்கப்புறம்தான் தொண்டர் தம்பிங்க சேர்ந்து இந்த சர்வரைக் கட்டினாங்க. பழைய ஆபீஸ் கணினி ஒன்னு, லோயாட்ல வாங்கின 4 டெராபைட் ஹார்ட்டிஸ்க் ரெண்டு, ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருள். ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விஷயம் பதியும். ஒன்னு பழுதானாலும் இன்னொன்னு இருக்கும். தண்ணி எட்டாத இடம் வேணும்னு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு அண்ணன் வீட்டுல, 11-ஆவது மாடியில வச்சோம்.

ரெண்டு வாரத்துக்கு முன்ன, நம்ம மடப்பள்ளியில நாற்பது வருஷம் கைங்கரியம் பண்ணின அம்மா இறைவனடி சேர்ந்தாங்க. 2004 கும்பாபிஷேக வீடியோவுல அவங்க சிரிச்சுப் பேசின ஒரு நிமிஷம் இருக்கு. பதினாறாம் நாளுக்குப் போட்டுக் காட்டணும்னு பிள்ளைங்க கேட்டாங்க. அம்மா குரல் பதிவானது அது ஒன்னுதான். கேட்ட அன்னைக்குன்னு பார்த்து பெட்டி திறக்கல.

ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க. ஒரு கணினிக் கடையில பெட்டியைப் பார்க்காமலேயே டிஸ்க் போயிடுச்சு, மீட்க ஆயிரக்கணக்குல ரிங்கிட் ஆகும்னாங்க. இன்னொருத்தர் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடலாம்னார். நிர்வாகக் கூட்டத்துல, "இந்த வேலையே இனிமே வேணாம்" என்ற பேச்சும் வந்துடுச்சு. எதையும் அழிக்காதீங்க, முதல்ல பார்ப்போம்னு சொல்லிட்டு, கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல் போனேன்.

பக்கத்துல இருக்கிறதை முதல்ல பார்க்கணும், தூரத்துல இருக்கிறதைக் கடைசியா. பெட்டி ஓடுது. கேபிள் செருகுற இடத்துல பச்சை விளக்கு மின்னுது. அப்போ கரண்டும் கேபிளும் சரி. ஆனா பிங் போட்டா பதில் இல்ல. அண்ணன்கிட்ட, "இந்த மாசம் வீட்டுல ஏதாவது மாத்தினீங்களாண்ணே?"னு கேட்டேன். இணைய நிறுவனத்து ஆள் வந்து புது ரூட்டர் மாட்டிட்டுப் போனாராம்.

விடை அங்கதான் இருந்தது. பெட்டி மேல தம்பிங்க ஒட்டியிருந்த சீட்டுல 192.168.1.50-னு முகவரி. புது ரூட்டர் என் கைப்பேசிக்குக் கொடுத்தது 192.168.0.23. மூணாவது எண்ணைப் பாருங்க. வீட்டு நம்பர் அப்படியே இருக்கு, தாமான் மாறிடுச்சு. தபால்காரர் புது தாமான்ல தேடுறார், பெட்டி பழைய தாமான் முகவரியோட உட்கார்ந்திருக்கு. யாரும் எதையும் கெடுக்கல.

நிச்சயம் பண்ணிக்க, ரூட்டரை விட்டுட்டு மடிக்கணினியையும் பெட்டியையும் ஒரே கேபிள்ல நேரா இணைச்சேன். மடிக்கணினிக்கு 192.168.1.60-னு பழைய வரிசையில முகவரி கொடுத்தேன். உடனே திறந்தது. ரெண்டு டிஸ்க்கும் நலம். 2004 கோப்புறையைத் திறந்ததும் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு நிமிஷத்தை அப்பவே வெட்டிப் பிள்ளைங்களுக்கு அனுப்பிட்டோம்.

அப்புறம் நிரந்தர வைத்தியம். முகவரியைப் பெட்டிக்குள்ள எழுதி வைக்காம, ரூட்டரே கொடுக்கிற மாதிரி மாத்தினோம். இந்தப் பெட்டிக்கு எப்பவும் இதே முகவரின்னு ரூட்டர்ல பதிவும் பண்ணினோம். நாளைக்கு வேற ரூட்டர் வந்தாலும் பெட்டி அதோட வரிசையில தானா சேர்ந்துக்கும். புதுசா பதிவு பண்ணினா போதும். விண்டோஸ் புது நெட்வொர்க்கைப் பொது இடம்னு எடுத்துக்கிட்டதால பட்டியல்ல பெட்டியோட பேரைக் காட்டல. அதை வீட்டு நெட்வொர்க்னு மாத்தினதும் பேரும் வந்தது.

அடுத்து, கிள்ளான்லருந்து எப்படிப் பார்க்கிறது? ரூட்டர்ல ஒரு கதவைத் திறந்து விடுன்னு சிலர் சொன்னாங்க. ரெண்டு காரணத்தால அதைச் செய்யல. ஒன்னு, புது ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைச்ச முகவரியே 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட வரிசையில இருந்தது. பல வீடுங்க ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துக்கிறதுக்காக 2012-ல ஒதுக்கின வரிசை அது. நம்ம வீட்டுக் கதவைத் திறந்தாலும், கொண்டோ வாசல்ல காவலாளி யாரையும் உள்ள விடமாட்டார். ரெண்டாவது, திறந்த கதவு ஆபத்து. 2022-ல டெட்போல்ட் என்ற நாசவேலை, இணையத்துக்கு நேரா திறந்து கிடந்த வீட்டு சேமிப்புப் பெட்டிகளுக்குள்ள புகுந்து, கோப்பைப் பூட்டிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. உண்டியலைத் தெருவுல வைப்போமா?

அதனால டெயில்ஸ்கேல் போட்டோம். பெட்டியே உள்ளேயிருந்து வெளியே கை நீட்டும். அனுமதி கொடுத்த கைப்பேசியும் கணினியும் மட்டும் அதைப் பிடிச்சுக்கலாம். இப்போ கோயில் ஆபீஸ்லருந்தே திறக்குது.

இதோட வேலை முடியல. ரெண்டு டிஸ்க் இருக்கிறதால நிம்மதின்னு நினைக்கக் கூடாது. ஒருத்தர் தவறி அழிச்சா ரெண்டுலயும் அழியும். தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்தே போகும். 1981-ல யாழ்ப்பாண நூலகத்துல சுமார் 97,000 நூலும் ஏடும் சாம்பலாச்சு. வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடு எரிஞ்சா எரிஞ்சதுதான். 2005-லருந்து நூலகம் திட்டத்துக்காரங்க ஈழத்து நூல்களை மின்வடிவுல ஏத்திக்கிட்டு வர்றாங்க. அந்த அருமை தெரிஞ்சவங்க. மூணு பிரதி, அதுல ஒன்னு வேற ஊர்ல. அதுதான் கணக்கு. மூணாவது பிரதிக்கு வெளி டிஸ்க் ஒன்னு வாங்கணும். உபயம் செய்ய விரும்புறவங்க ஆபீஸ்ல பேர் கொடுங்க.

இன்னொரு வேண்டுகோள். உங்க வீட்டு அலமாரியில நம்ம கோயில் திருவிழா டேப், சிடி, பழைய படம் இருந்தா வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வாங்க. ஏத்திட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம். டேப்புல பூஞ்சை பிடிக்கும், நம்ம ஊர் ஈரம் தெரியும்தானே. படத்துல இருக்கிறவங்க பேரைப் பின்னால பென்சில்ல எழுதிடுங்க. அந்தப் பேரெல்லாம் பெரியவங்களுக்குத்தான் தெரியும், அவங்க இருக்கும்போதே கேட்டுக்குங்க.

முருகன் துணை.