தள்ளுவதா, திருகுவதா?

மலைநாட்டிலே கார் வைத்திருப்போர்க்கு எஞ்சினைக் காட்டிலும் பிரேக்கே உற்ற துணை. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுவது எஞ்சினின் வேலை. குடும்பத்தோடு வளைவுகளைக் கடந்து பத்திரமாக இறங்குவதோ பிரேக்கின் வேலை. ஆயினும் எஞ்சினின் பெருமை பேசும் நம்மில் எத்தனை பேர் பிரேக்கை அறிந்து வைத்திருக்கிறோம்?

எங்கள் காரின் பின் சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பாட் போடவேண்டிய வேளை அண்மையில் வந்தது. நகரிலுள்ள கராஜ் ஒன்றிலே வண்டியை விட்டு, அருகில் நின்று கவனித்தேன். அங்கே தொழில் பழகும் இளைஞன் என்னிடம் பௌதிகம் படித்தவன். முன் சக்கரங்களிற் பழகிய வழக்கப்படியே ஜீ கிளாம்பை வைத்துப் பின் பிஸ்டனை நெருக்கினான். அது அசையவில்லை. மேலும் பலங்கொண்டு நெருக்க முனைந்தான்.

"இரு தம்பி! இது தள்ளுற பிஸ்டன் இல்லை, திருகுற பிஸ்டன்" என்று தடுத்தார் மூத்த மெக்கானிக்.

பாட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து இடைவெளியை நிரப்பும். தடித்த புதிய பாட்டைப் பொருத்த வேண்டுமாயின் அதனை மீண்டும் உள்ளே செலுத்த வேண்டும். முன் பிஸ்டனுக்கு ஒரே கடமை: மிதியை அழுத்தும்போது ஒயிலின் அமுக்கத்தால் வெளிவருவது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்று பிரான்சிய அறிஞர் பாஸ்கல் (1623-1662) கண்ட விதியே இதற்கு அடிப்படை. ஆதலால் முன் பிஸ்டனை நேரே நெருக்கினால் உள்ளே போய்விடும்.

பின் பிஸ்டனுக்கோ பல கார்களில் இரண்டு கடமைகள். கைப்பிரேக்கும் அதனையே இயக்குகிறது. அதற்காக உள்ளே புரியுள்ள தண்டொன்று உண்டு; பாட் தேய்வதற்கேற்ப அது தானே நீண்டு கொடுக்கும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் அந்த அமைப்புப் பழுதாகும். பின்னர் மேட்டில் நிறுத்திய வண்டி நிற்கும் என்று நம்ப இயலாது.

பெரியவர் கைப்பிரேக்கைத் தளர்த்தினார். பிஸ்டனின் முகத்திலுள்ள பள்ளங்களிற் கருவியைப் பொருத்தி, மெல்ல அழுத்தியவாறே வலஞ்சுழியாகத் திருப்பினார். அது பணிவோடு உள்ளே சென்றது. பிரேக் ஒயில் குடுவையில் மட்டம் உயர்ந்து வழியாதபடி பார்த்துக்கொண்டார். வழிந்தால் வண்டியின் வர்ணம் கெடும். பாட்டின் பின்புறத்து முளை பிஸ்டனின் பள்ளத்தில் அமரும்படி நேராக்கினார். எல்லாம் பூட்டியபின், மிதி இறுகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்தினார்.

எல்லாக் கார்களும் ஒன்றல்ல. சிலவற்றின் பிஸ்டனை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கைப்பிரேக் தனியே அமைந்தவற்றில் நேரே தள்ளலாம். மின்சாரக் கைப்பிரேக் உள்ளவற்றிலோ, முதலில் அதன் மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியோடு வரும் கைநூலும், தயாரித்தவர்களின் செய்முறை நூலுமே இவற்றுக்குச் சான்று.

அந்த இளைஞன் வகுப்பிலே பாஸ்கலின் விதியைப் பிழையின்றிச் சொன்னவன். விதியில் குறையில்லை, எனினும் எதிரேயுள்ள பொருளின் உட்புறம் எப்படி அமைந்துள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மாணவர்களே, ஒரு பொருள் உங்கள் பலத்துக்கு இணங்க மறுத்தால், பலத்தைக் கூட்டுமுன் ஒரு கணம் நின்று காரணம் கேளுங்கள். பிறர் உயிர் உங்கள் கைவேலையை நம்பியிருக்கும் இடத்திலே, அந்த ஒரு கணம் மிகப் பெரிது.