அலமாரியில் இருந்த நூலும் தலைமாட்டில் இருந்த நூலும்

புதுவை லாஸ்பேட்டையில் வசிக்கும் பெரியவர் ஒருவர், மின்துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் அவர் மனத்தில் ஓர் ஆசை இருந்தது. ஓய்வு பெற்றபின் நல்ல நூல்களைப் படித்தே எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதே அது. ஓய்வூதியம் கைக்கு வந்த மாதமே கம்பராமாயணம் முழுவதையும் உரையுடன் வாங்கினார். பெரியபுராண விரிவுரை, கீதைக்கு ஆசாரியர்கள் அருளிய பாஷ்யங்களின் தமிழாக்கம் ஆகியவையும் வந்து சேர்ந்தன. அவற்றுக்கென்றே தேக்கு மரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியும் செய்வித்தார்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. கம்பராமாயணத்தில் ஆற்றுப் படலம் கடந்து நாட்டுப் படலத்தின் நடுவே அடையாளத் தாள் நின்றுவிட்டது. அதாவது, அவ்வீட்டில் இராமபிரான் இன்னும் அவதரிக்கவே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜையன்று மட்டும் அந்நூல்கள் வெளியே வந்து சந்தனமும் குங்குமமும் பெற்றன. அன்றோ நூலைப் பூஜையில் வைத்தால் படிக்கலாகாது என்பது மரபு. மறுநாள் அவை மீண்டும் அலமாரிக்குள் சென்றுவிடும்.

அவருடைய மனைவியார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் தலைமாட்டில் ஒரே ஒரு நூல் இருந்தது. ராஜாஜி எழுதிய ‘வியாசர் விருந்து’. அட்டை கிழிந்து போனதால் பழைய காலண்டர் அட்டையை வைத்துத் தைத்திருந்தார். பிற்பகலில் வீட்டு வேலை ஓய்ந்ததும் ஓர் அத்தியாயம் படிப்பார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். முப்பது ஆண்டு வழக்கம் அது. “அதே கதையைத்தானே திரும்பத் திரும்பப் படிக்கிறாய்?” என்று கணவர் கேட்பதுண்டு. “அதே சுவாமியைத்தானே தினமும் கும்பிடுகிறோம்?” என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

ஒருநாள் அந்த அம்மையாருக்கு எழுத்துகள் மறைந்து மறைந்து தெரிந்தன. கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று எண்ணி மருத்துவரிடம் சென்றார்கள். கண் நீர் அழுத்த நோய் என்றார் மருத்துவர். கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நைந்துவிடுகிறது. இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம் என்று விளக்கினார்.

வீடு திரும்பிய மறுநாள் பிற்பகல், அம்மையார் வழக்கமான இடத்தில் அமர்ந்து, நூலை மடியில் வைத்து, தைத்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். கணவர் அதைக் கண்டார். சற்று நேரம் சென்றபின் அம்மையாரே கேட்டார்: “என்னங்க, ஓர் அத்தியாயம் படிச்சுக் காட்டுறீங்களா?”

பெரியவர் எழுந்து சென்று அலமாரியைத் திறந்து கம்பராமாயணத்தை எடுத்து வந்தார். மனைவிக்கு உயர்ந்ததையே தரவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். பாட்டு, பதவுரை, கருத்துரை, பாடபேதம் என்று வரிசையாகப் படித்தார். அம்மையார் கைகூப்பியபடி பொறுமையாகக் கேட்டார். மூன்று பாடல்கள் முடிவதற்குள் படித்தவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. “அது பெரிய நூலுங்க. அதுக்கு ரெண்டு பேருமே இன்னும் போய்ச் சேரலை. முதல்ல இதைப் படிங்க” என்று தம் மடியிலிருந்த நூலை நீட்டினார்.

அன்று படித்த அத்தியாயம் நச்சுப் பொய்கைக் கதை. தம்பியர் நால்வரும் வீழ்ந்து கிடக்க, யக்ஷனுக்குத் தருமபுத்திரர் விடை சொல்லும் இடம். ஒருவனை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்றபோது, வீமனையோ அர்ச்சுனனையோ கேளாமல், மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்க வேண்டும் என்று நகுலனைக் கேட்டார் தருமர். அதைப் படிக்கையில் பெரியவரின் குரல் தழுதழுத்தது. மறுநாள் மூன்று மணி எப்போது வரும் என்று அவரே காத்திருந்தார். நான்கு மாதங்களில் நூல் முடிந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் முழுமையாகப் படித்து முடித்த முதல் நூல் அதுதான்.

முதல் நூலைத் தேர்வதில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். உயர்ந்த நூல் என்பது வேறு. தொடங்குவதற்கு உரிய நூல் என்பது வேறு. நாளை மீண்டும் கையில் எடுக்கத் தூண்டுவதே தொடக்கத்திற்கு உரியது. ஒரே அமர்வில் முடியும் சிறு அத்தியாயங்கள், உரையின் துணையின்றி விளங்கும் நடை, முதிய கண்களை வருத்தாத பெரிய எழுத்து, உயிருள்ள மனிதர்களின் கதை ஆகிய நான்கும் இருந்தால் போதும். கதை வேண்டாம், உபதேசம் போதும் என்பவர்களுக்குக் காஞ்சி மகாசுவாமிகளின் அருளுரைகளை ரா. கணபதி தொகுத்த ‘தெய்வத்தின் குரல்’ இருக்கிறது. ஏழு தொகுதிகள் என்று மலைக்க வேண்டியதில்லை. தனித்தனித் தலைப்புகளாகப் பகுத்திருப்பதால் எங்கே திறந்தாலும் அங்கிருந்தே படிக்கலாம்.

மதுரையில் வேங்கடராமன் என்ற சிறுவனின் கைக்குப் பாடநூலுக்கு அப்பால் கிடைத்த சமய நூல் பெரியபுராணம். சிற்றப்பா எவரிடமோ இரவல் வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தது அது. அடியார்களின் வாழ்க்கை அச்சிறுவனை ஆட்கொண்டது. 1896 செப்டம்பர் முதல் நாள் அவன் அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்றான். அச்சிறுவனே பகவான் ரமணர். வேதாந்த விளக்கங்களை அவர் பிற்காலத்தில்தான் பார்த்தார். முதலில் படித்ததோ அடியார்களின் கதை.

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியங்களில் ஊறியவரே. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற அடுத்த கேள்வி அவர் வாழ்வையே திருப்பியது. 1887-இல் அந்நூல் அவர் பதிப்பாக அச்சில் வந்தது. சிறு நூல்களில் பழகிய மனம்தான் அப்பெருநூலைத் தாங்கியது. ‘என்ன படித்தாய்?’ என்று கேட்க ஒருவர் இருந்தது அவரை மேலே நடத்தியது.

லாஸ்பேட்டைப் பெரியவருக்கு அப்படிக் கேட்பவர் வீட்டிலேயே இருந்தார். “போர்க்களத்திலே கண்ணன் சொன்னதை முழுசாக் கேட்கணும்” என்றார் அம்மையார். இம்முறை பெரியவர் பாஷ்யத்தைத் தேடவில்லை. 1827-இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகத்திற்குச் சென்று, அங்கே இருந்தவற்றைப் புரட்டிப் பார்த்துப் பாரதியாரின் கீதை மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்தார். 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்த மகாகவி, சுலோகந்தோறும் எளிய தமிழில் தந்திருக்கிறார். லாஸ்பேட்டைக்கு அருகில் கருவடிக்குப்பத்தில் அவர் பாடிய சித்தானந்த சுவாமி கோயிலும் குயில் தோப்பும் இருக்கின்றன. அம்மையாரைக் கைபிடித்து அக்கோயிலுக்கு அழைத்துச் செல்லும் நாள்களில், முந்தின நாள் படித்த சுலோகமே இருவருக்கும் வழிப்பேச்சு.

கீதைக்குப் பின் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நூல். கதையின் நடுவே கம்பன் பெயர் வரும்போதெல்லாம், “அவர் எப்படிப் பாடியிருக்கிறார்?” என்று அம்மையார் கேட்கத் தொடங்கினார். அதற்காகவே கண்ணாடி அலமாரி திறந்தது. நாளுக்கு ஐந்து பாடல். முதலில் கருத்து, பிறகு பாட்டு. பாடபேதங்களைப் பெரியவர் தாண்டிவிடுவார். அவருக்குத் தொண்டை கட்டிய நாள்களில் பேத்தி படிப்பாள். அவள் தடுமாறும் சொல்லைப் பாட்டி எடுத்துக் கொடுப்பார்.

மருந்து தவறாமல் இட்டும் அம்மையாரின் பார்வை மேலும் சற்றுக் குறுகியிருக்கிறது. எதிரில் அமர்ந்திருப்பவரின் முகம் அவருக்குப் பாதிதான் தெரிகிறது. ஆயினும் மூன்று மணி வாசிப்பு ஒருநாளும் நின்றதில்லை.

சில வாரங்களுக்கு முன் திருஅவதாரப் படலம் வந்தது. கோசலையின் வயிற்றில் இராமபிரான் பிறந்த பாடலைப் பெரியவர் படித்து நிறுத்தியபோது, அடுப்பங்கரையிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அம்மையார் காலையிலேயே பாயசம் வைத்திருந்தார்.

“ராம நவமி இன்னும் வரலையே?” என்றார் பெரியவர்.

“நம்ம வீட்டில இன்னைக்குத்தாங்க பிறந்திருக்கார்” என்றார் அம்மையார். “எத்தனை வருஷமா அலமாரிக்குள்ளேயே காத்திருந்த பிள்ளை!”