என் இடுப்பில் ஒரு பை

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ‘கக்கூஸ்’ என்ற வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் போதும், என் மாமியார் கையிலிருக்கும் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவ்வளவு சுத்தபத்தம். குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளிகளில் பூஜை அலமாரியை அவரும் நானும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரோடு இருந்து இருந்து நானும் அப்படியே ஆகிவிட்டேன். அப்படிப்பட்டவளிடம், “இனிமேல் மலம் வயிற்றுப் பக்கமாக வெளியே வரும், அதன் மேல் ஒரு பையை ஒட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும்” என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற சகோதரிகள், சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்!

2018 தீபாவளி சமயத்தில்தான் முதன்முதலாக ரத்தம் பார்த்தேன். பலகாரம், எண்ணெய், காரம் எல்லாம் சேர்ந்து உஷ்ணம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, “மூலச்சூடுதான், துத்திக்கீரை வதக்கிச் சாப்பிடு” என்றார். கருணைக்கிழங்கு மசியல், மோர், வெந்தயம் என்று மாறி மாறிச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவரும் கேட்டுவிட்டு, பார்க்காமலே மூலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. “படுங்கம்மா, பார்க்கணும்” என்று சொல்லியிருந்தால் நான்தான் எழுந்து ஓடி வந்திருப்பேன்.

இப்படியே ஆறு மாதம் போய்விட்டது. காலையில் போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போலவே ஒரு உணர்வு. நாளுக்கு நாலைந்து தடவை ஓட்டம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மதுரையில் இருக்கும் என் தங்கைதான் 2019 சித்திரை விடுமுறையில் என்னைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா கையுறை போட்டு விரலால் பரிசோதித்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் கீரையும் கிழங்கும் கண்டுபிடிக்காததை அந்த ஒரு விரல் கண்டுபிடித்துவிட்டது. கட்டி. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. மலத்தில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்குமாம். ஆனால் அதை டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

முதலில் கரண்ட் வைத்தார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும், மொத்தம் 25 நாள், கூடவே மாத்திரை. தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு போய் வந்தேன். ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். கட்டி ஆசனவாய்க்கு 2 சென்டிமீட்டர் மேலேயே இருக்கிறது. மலத்தை அடக்கி வைக்கிற தசையையும் பிடித்துவிட்டது. கட்டியை எடுத்தால் தசையும் போய்விடும். அதனால் கீழே தைத்து மூடிவிட்டு, பெருங்குடலின் நுனியை அடிவயிற்றில் இடது பக்கமாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் கொலாஸ்டமி. சிலருக்கு அது சில மாதங்களுக்குத்தான், பிறகு உள்ளே இணைத்துவிடுவார்கள். எனக்கு ஆயுசுக்கும்.

“வேண்டாம் டாக்டர், நான் செத்தே போறேன்” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாக, “இவங்க பஸ்ல போகலாமா டாக்டர்?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. என் உயிரே போகிறது என்கிறேன், இந்த மனுஷனுக்குப் பஸ் ஒரு கேடா! வீடு வந்து சேரும் வரை அவரோடு பேசவில்லை.

கரண்ட் வைத்து முடித்த சில வாரங்களில் ரத்தம் நின்றுவிட்டது. வலியும் இல்லை. நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தேன். “அதான் சரியாயிடுச்சே, எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?” என்று சொந்தக்காரர்கள் சொன்னது காதுக்கு இனிமையாக இருந்தது. டாக்டர் பொறுமையாகவே பேசினார். கரண்டிலும் மருந்திலுமே கட்டி முழுக்கக் கரைந்துபோகிறவர்களும் உண்டாம். அவர்களை அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு ஆபரேஷன் இல்லாமல் வைத்திருப்பதும் உண்டாம். எட்டு வாரம் கழித்து எனக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் போகவில்லை. “இப்ப முழுசா எடுத்துடலாம்மா. ஒரு வருஷம் கழிச்சு நீங்களே வந்து கேட்டாலும் எங்களால எடுக்க முடியாம போகலாம்” என்றார்.

அப்போதும் நான் சம்மதிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சாவைப் பற்றி நான் யோசித்தது குறைவு. நாற்றத்தைப் பற்றித்தான் இரவும் பகலும் யோசித்தேன். அடுப்படிக்குள் யார் விடுவார்கள்? கோயிலுக்கு எப்படிப் போவது? நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தால்? இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்?

அடுத்த முறை போனபோது வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட நூல் சேலை, தலையில் கனகாம்பரம். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலையாம். இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். என் பிரச்னை என்னவென்று அவராகக் கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, “எனக்கு வச்சுப் பதினோரு வருஷமாச்சும்மா. இத்தனை நேரம் ஒட்டி உக்காந்திருக்கியே, ஏதாச்சும் வாடை வந்துச்சா?” என்றார். நான் அவர் இடுப்பையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போய், சேலையை விலக்கிக் காட்டினார். தினம் நூறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிற கை அது.

படி இறங்கும்போது இவரிடம், “தேதி வாங்கிட்டு வாங்க” என்றேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு நர்ஸ் வந்தாள். இந்தப் பைக்கென்றே தனியாகப் படித்தவளாம். என்னை நிற்க, உட்கார, குனியச் சொன்னாள். சேலை கட்டச் சொன்னாள். பாவாடை நாடா எங்கே விழுகிறது, வயிற்று மடிப்பு எங்கே வருகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் அகப்படாமல், நான் குனிந்தால் என் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். அப்போது அவள் சொன்ன கதை மறக்கவில்லை. 1954-ல் டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு இதே மாதிரி ஆபரேஷன் ஆகி, கசிந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே தலைகாட்டாமல் இருந்தாளாம். அந்தத் தங்கைக்காகத்தான் தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை இந்த அக்கா யோசித்துக் கண்டுபிடித்தாராம். எனக்கு என் தங்கை ஞாபகம் வந்தது.

2019 ஐப்பசியில் ஆபரேஷன். மூன்றாம் நாள்தான் தைரியம் வந்து குனிந்து பார்த்தேன். செம்பருத்தி மொட்டு நிறத்தில், உதட்டின் உள்பக்கம் போல ஈரமாக, சிறிதாக ஒன்று. தொட்டால் வலிப்பதில்லை. அதில் வலி நரம்பு கிடையாதாம். துடைக்கும்போது லேசாக ரத்தம் கசியலாம், பயமில்லை. கறுத்தோ நீலமாகவோ போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார்கள். அதைவிடக் கீழே தைத்த புண்தான் என்னைப் படுத்தியது. இரண்டு மாதம் தலையணை இல்லாமல் உட்கார முடியவில்லை.

தட்டு என்று ஒன்று தோலில் ஒட்டும், பை அதன்மேல் பொருந்தும். தட்டின் நடுவே ஓட்டையை நாமே அளந்து வெட்ட வேண்டும். குடல் வாயைவிட ஒரு நூல்தான் பெரிதாக இருக்கலாம். நான் தாராளமாக வெட்டிவிட்டேன். மலம் பட்டுத் தோல் வெந்துபோனது. வெந்த இடத்துக்கு என்ன போடுவோம்? தேங்காயெண்ணெய்தான்! தடவிக்கொண்டு, புதுத் தட்டை ஒட்டிக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனேன். எண்ணெய் இருக்கிற தோலில் எது ஒட்டும்? வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே தட்டு நழுவுவது தெரிந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அன்று அழுத அழுகை ஆபரேஷனுக்குக்கூட அழவில்லை. அதற்குப் பிறகு எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. வெறும் தண்ணீர், பழைய வேட்டித் துணி, நன்றாக உலர்ந்த பிறகே தட்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைத் தட்டு மாற்றும் நாளில் வைத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் ஆன புதிதில் வாய் வீங்கியிருக்கும், ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும், அதனால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

காலையில் காபி குடிப்பதற்கு முன்பே தட்டு மாற்றிவிடுவேன். அப்போதுதான் குடல் சாதுவாக இருக்கும். வெயில் காலத்தில் வேர்வையில் மூன்று நாள், மற்ற சமயம் நாலு நாள் தாங்குகிறது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், கனத்தால் தட்டையும் இழுத்துக்கொண்டு வரும். முட்டைக்கோஸ், மொச்சை, வெங்காயம் தின்றால் காற்றில் பை பலூன் மாதிரி ஆகிவிடும். அதனால் விசேஷ நாட்களுக்கு முன் அவற்றைத் தொடமாட்டேன். மோர் குடித்தால் வாடை குறைகிறது. தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டுவிட்டேன், அந்த இடத்தில் குடல் பிதுங்கிவிடும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். தினமும் வெதுவெதுப்பான நீரைக் குடலுக்குள் விட்டுக் கழுவிவிட்டால் நாள் முழுதும் தொந்தரவில்லாமல் இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். எங்கள் வீட்டில் குளியலறையை ஒரு மணி நேரம் யார் விடுவார்கள்!

செலவு உண்டு. மாதம் 2,500 ரூபாய்க்குக் குறைவதில்லை. 2020 ஊரடங்கில் மதுரையிலிருந்து பை வராமல், இருந்த பைகளையே கழுவிக் காயவைத்து ஓட்டினேன். பழைய ரவிக்கைத் துணியில் பைக்கு உறை தைத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் சரசரப்பும் கேட்காது, வேர்வையும் உறுத்தாது. முதல் ஒரு வருஷம் நான் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் தையல் மெஷினில் கிடந்த உறையை எடுத்துப் பார்த்து, “பச்சைக் கலர் நல்லாருக்கே” என்றார். அதற்குமேல் இங்கே எழுதக் கூடாது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே நானே பின்கட்டு அறைக்குப் போய்விட்டேன். எனக்கென்று தட்டு, டம்ளர் தனியாக. அடுப்படி வாசலில் நின்று பேசுவேனே தவிர உள்ளே போகமாட்டேன். விளக்கும் ஏற்றவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. 2020 பொங்கலன்று பானையில் பால் பொங்கியதும், “அரிசியை நீ வந்து போடு” என்றார். “வேண்டாம் அத்தை, நான் சுத்தமில்லை” என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன், வயித்துக்குள்ள இருந்தப்ப மட்டும் அது பூவாவா இருந்துச்சு? எல்லாரும் சுமந்துக்கிட்டுத்தான் அடுப்படியில நிக்கிறோம். உனக்கு வெளிய தெரியுது, அவ்வளவுதான். கையைக் கழுவிட்டு வா, பால் வழிஞ்சு போகுது.”

இத்தனையும் சொன்னவர், சாப்பாட்டு நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல இன்றைக்கும் விடமாட்டார்!

ஐந்து வருஷத்துப் பரிசோதனை 2024 ஐப்பசியில் முடிந்தது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அந்தக் கார்த்திகையில் திருச்செந்தூர் போனோம். கைப்பையில் வெட்டி வைத்த இரண்டு தட்டு, பைகள், துணி, தண்ணீர் பாட்டில். தூத்துக்குடி பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பறையில் ஒருமுறை காலி செய்துகொண்டேன். பையோடேயே கடலில் முழுக்குப் போட்டு, நாழிக்கிணற்றிலும் குளித்தேன். தட்டு அசையவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவரிடம் கேட்டேன், “அன்னைக்கு டாக்டர்கிட்ட போயும் போயும் பஸ்ஸைப் பத்தி ஏன் கேட்டீங்க?”

“வருஷா வருஷம் இங்க வருவோமே... வேற என்ன கேக்கிறதுன்னு எனக்குத் தெரியலை” என்றார்.