தம்புள்ளைப் பாதையில் ஒரு பழைய மையவாடி

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தை வீடுகளில் ஒரே பேச்சுத்தான். நுவரெலியாவா, கண்டியா, இல்லை சீகிரியாவா? வேன் பிடித்து, சட்டி நிறையப் புரியாணி கட்டி, பிள்ளைகுட்டிகளோடு புறப்படுகின்ற சகோதரிகளே! சீகிரியாவுக்குப் போகும் வழியில் நீங்கள் திரும்பியும் பாராமல் தாண்டிச் செல்கின்ற ஓரிடத்தைப் பற்றித்தான் இம்முறை சொல்லப் போகின்றேன்.

கொழும்பிலிருந்து குருநாகல், கலேவெல வழியாகத் தம்புள்ளை ஏறத்தாழ 150 கிலோமீற்றர். நகரத்தை எட்டுவதற்குச் சில கிலோமீற்றர் முன்பே இப்பன்கட்டுவ என்ற கிராமம் வருகின்றது. திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போகும் பஸ்களும் இந்தப் பாதையால்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே இறங்குகின்றவர்கள் மிகக் குறைவு. எல்லோருடைய கண்ணும் தம்புள்ளைக் குகையிலும் சீகிரியாக் குன்றிலும்தான் இருக்கின்றது.

கோபுரம், சிலை, ஓவியம் என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரங்களுக்கிடையில் தரையோடு தரையாகக் கற்பலகைகள். நான்கு பலகைகளை நான்கு பக்கமும் நிமிர்த்தி நட்டு, ஒரு பெட்டிபோல ஆக்கி, மேலே இன்னுமொரு பெரிய பலகையால் மூடியிருக்கின்றார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முகத்தைச் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள், இது எத்தனை பழையது என்று சொன்னால் அந்த முகங்கள் மாறிவிடும்.

அநுராதபுரத்தில் தேவநம்பியதீசன் அரசாண்டது கி.மு. 3ஆம் நூற்றாண்டில். இந்தக் கற்கள் அதற்கும் முந்தியவை. கி.மு. 750க்கும் 400க்கும் இடைப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கின்றார்கள். 1970இல் இவ்விடம் கண்டறியப்பட்டது. 1980களில் முறையாக அகழத் தொடங்கினார்கள். ஜெர்மன் ஆய்வாளர்களும் அதில் பங்குகொண்டார்கள். கூட்டங் கூட்டமாகக் கல்லறைகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துக் கல்லறைகள் அளவில் இருக்கலாம். அருகிலேயே அந்த மக்கள் குடியிருந்த இடமும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றது. ஆக, இது காட்டுக்குள் தனித்துக் கிடந்த இடமல்ல. ஓர் ஊர், அந்த ஊருக்கு ஒரு மையவாடி.

நம் மையவாடிகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் நடுகின்றோம். இங்கே நான்கு பக்கமும் கல். இறந்தவரை எரித்து, சாம்பலையும் எஞ்சிய எலும்பையும் மண்தாழியில் இட்டு இந்தக் கற்பெட்டிக்குள் வைத்திருக்கின்றார்கள். பக்கத்தில் சட்டி பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கின்ற அந்த மட்பாண்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றுக்கு யாரும் சாயம் பூசவில்லை. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும். காற்றுப் படும் வெளிப்புறம் சிவந்துவிடும். அடுப்படியில் நிற்கின்ற நமக்கு இந்தச் சூட்சுமம் இலகுவாகப் புரியும். ஆண்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்!

மணிகளில் என் மனம் நின்றுவிட்டது. கல்லறைகளில் கிடைத்தவற்றில் சிவப்பு நிறச் சூதுபவள மணிகள் உண்டு. பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள். நம் வாப்பாமார் மோதிரத்தில் பதித்துப் போட்டார்களே, அகீக், அதே இனக் கல்தான். இந்த மணிகளுக்கான கல் இந்தியாவிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. குஜராத்தில் கம்பாத் என்ற ஊர் இன்றும் அகீக் வேலைக்குப் பேர்போனது. கப்பலும் தோணியும் ஏறி வந்த மணி, அதன்பின் காட்டுப் பாதையால் நாட்டின் நடுப்பகுதிவரை நடந்து, யாரோ ஒருவருடைய கழுத்துக்குப் போய், கடைசியில் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் கிடைத்த பழம்பொருட்களிலோ, கண்ணுக்கு மை தீட்டுகின்ற குச்சிகளும் இருந்தன. சுர்மாக் குச்சி என்றே சொல்லுங்களேன்.

இவர்கள் யார், சிங்களவரா தமிழரா என்று வேனுக்குள் நிச்சயம் கேள்வி எழும். வில்பத்துக் காட்டுக்குள் பொம்பரிப்பிலும், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரிலும் இதே காலத்தையொட்டிய ஈமக் காடுகள் இருக்கின்றன. சில இடங்களில் தாழி மட்டும். சில இடங்களில் கற்பலகை. மட்பாண்டமும் இரும்பும் எங்கும் உறவு சொல்கின்றன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான ஒரு வாழ்க்கை முறை அக்காலத்தில் இருந்திருக்கின்றது. இன்று நாம் அடையாள அட்டையோடு சுமக்கின்ற பெயர்களை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கற்களில் ஒட்ட முயல்வது வீண் வேலை என்பது என் எண்ணம். இப்பன்கட்டுவக் கல்லறைகளில் யாருடைய பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அங்கே நின்றபோது எனக்கு வேறொன்று நெஞ்சை அடைத்தது. உங்களுக்கும் அடைக்கும் என்பதால் சொல்கின்றேன். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கவே வேண்டும் என்று நம் நாட்டில் உத்தரவு வந்தது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளேயான ஒரு சிசுவின் ஜனாஸாவும் அவ்வருடம் டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடிக்கு அருகில் மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கொழும்பில் மௌத்தானவர்களின் குடும்பங்கள் ஸியாரத்துக்காக இன்றும் நாட்டின் மறுகோடிவரை போய்வருகின்றன. மூவாயிரத்துக்கும் அதிகமான கப்றுகள் அங்கே இருக்கின்றன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமூகத்தவரும் அதே மண்ணில்தான் கிடக்கின்றார்கள். எரித்த செயலுக்காக மன்னிப்புக் கோருவதென 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது.

இப்பன்கட்டுவ மக்கள் தம் இறந்தவரை எரித்தவர்கள்தாம். ஆனால் அது அவர்களுடைய வழக்கம். தம் கையாலேயே, தாழியும் மணியும் வைத்து, கல் சுமந்து வந்து செய்தது. எரிப்பதா அடக்குவதா என்பதல்ல விடயம். மௌத்தானவரை அவருடைய சொந்தங்களின் கையிலிருந்து பறித்ததுதான் நம் வீடுகளில் இன்னும் ஆறாமல் கிடக்கின்றது. அந்தக் கற்களைப் புரட்டி நட்டவர்களிடம் கிரேனும் இல்லை, லொறியும் இல்லை. அத்தனை பாடு பட்டிருக்கின்றார்கள்.

கற்களுக்கும் ஆபத்து உண்டு. புதையல் தோண்டுகின்ற கூட்டம் நாட்டில் எந்தப் பழைய இடத்தையும் விட்டுவைப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இதைக் குற்றமென்கின்றது. ஆனாலும் இரவில் தோண்டுகின்றார்கள். அறியாமையால் போவதும் உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த மும்மொழிக் கல்லைத்தான் பாருங்களேன். 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல். பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் தெய்வத்தையும், சீனப் பகுதி புத்தரையும் போற்றுகின்றது. 1911இல் காலி நகரில் அதைக் கண்டெடுத்தபோது, ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது! இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்து அரை மணி நேரப் பயணம்; நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கின்றோம்?

தம்புள்ளை தூரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னோர் இடம். கேகாலை மாவட்டத்தில், ரம்புக்கனைப் பக்கம் படவிகம்பொல என்ற ஊரில், நிமிர்ந்து நிற்கும் கற்களின்மேல் ஒரு பெரும் பலகைக் கல்லை ஏற்றி வைத்திருக்கின்றார்கள். பார்வைக்கு ஒரு கல் மேசைதான். கோட்டையிலிருந்து ரம்புக்கனைக்குப் புகையிரதம் இருக்கின்றது. பின்னவலை யானைகளைப் பார்க்கப் பிள்ளைகளை எப்படியும் அழைத்துப் போவீர்கள். அதோடு சேர்த்து இதையும் பார்த்துவிடலாம்.

இப்பன்கட்டுவக்குப் போவதாயின் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். மதியத்தில் அந்தப் பகுதியின் வெயில் கடுமை. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் குருநாகலில் இறங்குவது வசதி. தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். சின்னவர்கள் கற்பலகை மேல் ஏறி விளையாடப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஆட்கள் இருக்கின்றார்கள் என்று சொன்னால் தாமாகவே இறங்கிவிடுவார்கள்.